டூப்ளிகேட் இல்லாத சாவி

காலை ஒன்பதே காலுக்கே அந்த மிஷினைத் தூக்கித் தொண்ணூறு அடி ரோட்டில் போட்டுவிடலாமா என்றிருந்தது எனக்கு. தூக்க முடியாது, அவ்வளவு கனம். அதனால் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இது சிஸ்டம் டிஸ்க் இல்லை, வேறு டிஸ்க்கைப் போட்டுவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. வேறு டிஸ்க்குக்கு நான் எங்கே போவேன்?

"பாய்!" என்று மாடியிலிருந்து கத்தினேன். "என்னத்தக் குடுத்திருக்கீய? இது வேல செய்யல!"

கீழே நாலு தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இனாயத்துல்லா பாய் ஏணியில் பாதி ஏறி, தலையை மட்டும் மாடிக்குள் நீட்டினார்.

"நேத்து வரைக்கும் தொறந்துச்சுல்லா? இன்னைக்கு நீ என்ன செஞ்ச?"

"நான் என்ன செய்யுததுக்கு இருக்கு? நீங்க குடுத்தீய, நான் போட்டேன். சவத்து மூதி, கெளம்ப மாட்டேங்கு."

"காலங்காத்தால மிஷின ஏசாத புள்ள. பிஸ்மில்லா சொல்லி இன்னொரு தடவ போடு" என்றார். போட்டேன். அதையேதான் அது மறுபடியும் சொல்லிற்று.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் இசக்கியம்மாள். தாராவியில் இனாயத்துல்லா பாயின் தோல் பட்டறையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கீழே தோலை வெட்டித் தைக்கிற காரிகர்கள் பதினோரு பேர். மேலே பலகை அடித்த மாடியில் நானும், ஒரு கம்பெனி கழித்துப்போட்ட ஏ.டி. கம்ப்யூட்டரும், ஒரு பிரிண்டரும். நவம்பரில் அந்தக் கம்ப்யூட்டரின் பேட்டரி செத்துப்போயிற்று. கரண்ட் இல்லாத நேரத்தில் தன் வயிற்றுக்குள் ஹார்ட் டிஸ்க் என்று ஒன்று இருப்பதை அதற்கு ஞாபகப்படுத்துவது அந்தப் பேட்டரிதான். அது செத்ததிலிருந்து, ஒவ்வொரு தடவை அணைத்துப் போடும்போதும் மிஷின் எல்லாவற்றையும் மறந்துவிடும். புதுப் பேட்டரிக்காக லாமிங்டன் ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன். சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும், ஜனவரி ஆகும் என்றார்கள்.

அதுவரைக்கும் ஒரே வழி ஒரு ஃப்ளாப்பி. அதைச் செருகினால் மிஷின் அதிலிருந்து கிளம்பும். பிறகு அதே ஃப்ளாப்பியில் இருக்கும் செட்-அப்பை ஓட்டி, உனக்கு ஹார்ட் டிஸ்க் உண்டு, அது இன்ன வகை, இன்றைக்கு இன்ன தேதி என்று பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தினமும் காலையில் எனக்கு இதுதான் வேலை. ராத்திரி முழுக்க மிஷினை ஓடவிடலாமே என்றால், பட்டறை முழுக்கத் தோலும், தீப்பிடிக்கிற ஒட்டுச் சொல்யூஷனும். பாய் மெயின் சுவிட்சை அணைக்காமல் வீட்டுக்குப் போகமாட்டார்.

அந்த ஃப்ளாப்பிக்குப் பாய் வைத்த பெயர் சாவி. பெயரோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சாவிக்கு உரிய சட்டத்தையெல்லாம் அதற்கும் போட்டுவிட்டார். ராத்திரி அவரோடு வீட்டுக்குப் போகும், காலையில் அவர் கையால்தான் எனக்கு வரும், மிஷின் கிளம்பியதும் மறுபடி அவர் கைக்கே போய்விடும். டூப்ளிகேட் கூடவே கூடாது. ஒரு காலத்தில் எவனோ ஒரு காரிகர் அவருடைய பர்ஸ் டிசைனை வெட்டுகிற இரும்பு அச்சை ரகசியமாக நகல் எடுத்து வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டானாம். அன்றிலிருந்து இவருக்கு நகல் என்றாலே ஆகாது. "ஒரு காப்பி போட்டு வச்சுக்கிடுதேன் பாய், ரெண்டு நிமிஷ வேல" என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "பூட்டு ஒண்ணுன்னா சாவி ஒண்ணு" என்பார். நானும் சரி என்று வாயை மூடிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாதாரண நாளாக இருந்தால் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருப்பேன். இது சாதாரண நாள் இல்லை. நரிமன் பாயின்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. தொண்ணூறாம் வருஷம் பிறப்பதற்கு அதன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கத் தோலில் ஃப்ளாப்பி உறை, அறுநூறு எண்ணம். வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குள் கொண்டுபோய் இறக்கவேண்டும். உறைகள் தயார். ஆனால் ஒவ்வொரு உறையின் முகப்பிலும் ஒரு கண்ணாடித்தாள் ஜன்னல், அதற்குள் வாடிக்கையாளர் பெயர் அச்சிட்ட அட்டை இருக்க வேண்டும். அந்த அறுநூறு பெயரையும் நான் மூன்று வாரமாக அடித்து ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். அன்று செவ்வாய்க்கிழமை, ஒரு அட்டைகூட அச்சாகவில்லை.

பத்தொன்பது வருஷமாகப் பாய் கொலாபா ஏற்றுமதிக்காரர்களுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தைப்பது இவர், முத்திரை அவர்களுடையது. முதன்முதலாக இந்த உறைகளின் உட்பக்கத்தில்தான் 'இனாயத்துல்லா, பம்பாய்' என்று அவர் பெயர் பதிந்திருந்தது. சரியாகக் கொடுத்தால் வருஷம் முழுக்க ஆர்டர் உண்டு. கொடுக்காவிட்டால் பழையபடி அடுத்தவன் முத்திரைதான். அளவெடுத்துக் கொடுத்தவள் நான் என்பதால் எனக்கும் அதில் பங்கு உண்டு.

"மாட்டுங்காவுக்குப் போய்ட்டு வாரேன்" என்று அந்த ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

லேபர் கேம்ப் வழியாக நடந்து, ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கினால் கிழக்கே ஒரு ஹோட்டலுக்கு மேல் வேங்கடசுப்ரமணியன் சாரின் கம்ப்யூட்டர் வகுப்பு. நான் படித்தது அங்கேதான். எங்கள் மிஷின் மாதிரியே ஒன்று அவரிடமும் இருக்கிறது. வாசலில் ஒரு போர்டு: செருப்புக்கு அனுமதி இல்லை, தின்பண்டத்துக்கு அனுமதி இல்லை, வெளி ஃப்ளாப்பிக்கு அனுமதி இல்லை.

"என்னம்மா இசக்கி? கைல என்ன? ஃப்ளாப்பியா? அங்கயே நில்லு!" என்றார், நான் ஏதோ பாம்பைக் கொண்டுவந்த மாதிரி. "ஊரெல்லாம் வைரஸ் வைரஸ்னு பேப்பர்ல போட்டுண்டிருக்கான். அத என் மிஷின்ல போடவே மாட்டேன்."

"போட வேண்டாம் சார். புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க. கெளப்புததுக்கு சிஸ்டமும், அந்த செட்-அப்பும். எனக்கு அர்ஜண்ட்."

இரண்டு நிமிஷ வேலைக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார் மனுஷன். சீல் உடைக்காத ஃப்ளாப்பி ஒன்றை எடுத்தார், கண்ணாடியைத் துடைத்தார், எல்லாம் தலைகீழ்ப் பாடமாக இருந்தும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். ஃபார்மட் ஓடும்போது வைரஸைப் பற்றி ஒரு பிரசங்கம். சிஸ்டம் ஏறியதும் இன்னொரு பிரசங்கம். "நான் அடிக்கட்டா சார்?" என்று இரண்டு தடவை கேட்டேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் செட்-அப்பையும் ஏற்றி, மிஷினை அணைத்து, அந்த ஃப்ளாப்பியிலிருந்தே கிளப்பிக் காட்டினார். கிளம்பிவிட்டதற்கு அடையாளமாகத் திரையில் ஏ என்ற எழுத்து வந்து நின்றது. எனக்குப் போன உயிர் வந்தது.

பட்டறையிலும் முதல் தடவையே கிளம்பியது. செட்-அப் முடித்து, ஹார்ட் டிஸ்க் உறுமி, பெயர்களெல்லாம் வந்து நின்றபோது மணி பன்னிரண்டு. பிரிண்டர் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. உடனே பாய் ஏணியில் தோன்றிக் கையை நீட்டினார்.

"சாவியக் குடு."

"ஒரு காப்பி போட்டுக்கிடுதேனே பாய். காலையில பட்டது போதாதா?"

"புதுச் சாவி வந்துட்டுல்லா, பெறகு எதுக்குக் காப்பி? குடு தாயி, பத்திரமா வைக்கேன். இனிமே பிளாஸ்டிக் கவர்லாம் கெடையாது. நேத்துலேர்ந்து நம்ம மால்லதான் வச்சிருக்கேன்" என்று சட்டைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்துக் காட்டினார். மால் என்றால் பட்டறைச் சரக்கு; நம் அறுநூறோடு சேர்த்துத் தனக்கென்று தைத்துக்கொண்ட ஒன்று. பழுப்புத் தோல், ஓரத்தில் இரட்டைத் தையல். அழகாகத்தான் இருந்தது. ஃப்ளாப்பியை உள்ளே விட்டு மூடியை மடக்கினார். டப் என்று அது தானாக ஒட்டிக்கொண்டது.

"ஃபாரின் பட்டன்" என்றார் பெருமையாக. "நான் மொதல்ல சாதாரணமா அமுக்குற டிச் பட்டன்தான் வச்சிருந்தேன். லேடீஸ் பர்ஸுக்கு வந்தது மிச்சமிருந்துச்சு, சாம்பிள்ல இத வச்சுக் குடுத்தேன். அந்தக் கம்பெனி ஆபீசர் அசந்துபோய்ட்டார்லா."

எனக்கு அட்டை வெட்டுகிற அவசரம். நன்றாயிருக்கிறது என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அதைக் கையில் வாங்கி ஒரு தடவை பார்த்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

மூன்று மணிக்கு நூற்று எண்பது அட்டை ஆகியிருந்தது. பட்டென்று கரண்ட் போயிற்று. தெரு முழுக்க இல்லை. நாலரைக்குத்தான் திரும்பி வந்தது, மிஷின் வழக்கம்போல எல்லாவற்றையும் மறந்துவிட்டு முழித்தது. பாய் சாவியைக் கொடுத்தார், போட்டேன்.

சிஸ்டம் டிஸ்க் இல்லை.

நான் அப்போது பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. கீழே தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பாயின் மனைவி சபுரா லாத்தா, அவர்தான் பட்டறையின் ஃபினிஷிங் பொறுப்பு, கையில் கத்தரியோடு ஏணியடிக்கு வந்து, "யாரு புள்ள செத்துப்போனா?" என்று கேட்டார். பாய் மட்டும் அசையவில்லை. அவர் முகம் கறுத்துவிட்டது.

"அந்த ஐயரு ஓட்ட மாலக் குடுத்து ஒன்ன ஏமாத்துதாரு. நாளைக்கு நானும் வாரேன்" என்றார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கே இரண்டு பேரும் மாட்டுங்காவில் நின்றோம். வேங்கடசுப்ரமணியன் சார் கதவைத் திறந்தவுடன் என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார்.

"மறுபடியுமா? நான் சொல்லல? வைரஸ்தான். உங்க மிஷின் முழுக்க நோய்."

"நோயா?" பாய்க்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "எங்க பட்டறையில நோய்னு சொல்லாதீய சார். நேத்து உங்ககிட்ட வாங்குன மால் அஞ்சு மணி நேரங்கூடத் தாங்கல."

"உங்களுக்கு என்ன தெரியும் கம்ப்யூட்டரப் பத்தி? இசக்கி, இவர்ட்ட சொல்லும்மா."

"நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு ஃப்ளாப்பி வேணும், அவ்வளவுதான்! நானூத்தி இருவது அட்ட பாக்கி கெடக்கு" என்று நான் போட்ட சத்தத்தில் உள்ளே டைப் அடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுபடியும் நோட்டுப் புத்தகம், மறுபடியும் கண்ணாடி துடைப்பு. புதிய ஃப்ளாப்பி உருவாயிற்று. அணைத்து, கிளப்பி, ஏ எழுத்து வந்ததைப் பாயின் கண்ணாலேயே பார்க்கச் சொன்னார் சார். பாய் பார்த்தார். சார் வெளியே எடுத்துக் கொடுத்ததை வாங்கி, உறைக்குள் விட்டு, டப் என்று மூடி, மேஜைமேல் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார். இவர் மால் மட்டம் என்கிறார், அவர் வைரஸ் என்கிறார். ஐந்து நிமிஷம் போயிருக்கும். நான் பாயின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"வாங்க பாய் போவோம், நேரம் ஆவுது."

பாய் மேஜையிலிருந்த உறையை எடுத்தார். உறையோடு சேர்ந்து ஏழெட்டுக் குண்டூசிகளும் எழுந்து வந்தன. பக்கத்திலிருந்த குண்டூசிக் கிண்ணத்திலிருந்து வந்தவை. தோலில் ஒட்டிக்கொண்டு ஆடின.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாய் மட்டும் ஒன்றும் புரியாமல் ஊசிகளைத் தட்டிவிட்டார். அவை மறுபடியும் போய் ஒட்டிக்கொண்டன.

"அடக் கடவுளே" என்றார் வேங்கடசுப்ரமணியன் சார், மெதுவாக.

நான் உறையைப் பிடுங்கிப் பிரித்தேன். மூடியின் உட்பக்கம் மஞ்சளாக மினுங்கும் வட்டம், நடுவில் கறுப்பாக ஒரு காந்தம். ஃப்ளாப்பியின் ஓரத்தில் சரியாக உட்காருகிற மாதிரி. கிளம்புவதற்கான எழுத்தெல்லாம் ஃப்ளாப்பியின் வெளி வளையத்தில்தான் இருக்கும், அதன் தலைமேலேயே காந்தம். சார் பேசாமல் என் கையிலிருந்து ஃப்ளாப்பியை வாங்கினார். வெளியே போய் வந்த ஃப்ளாப்பி என்ற சட்டத்தையெல்லாம் மறந்து மிஷினில் போட்டார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் ஏ எழுத்து வந்த அதே ஃப்ளாப்பி. சிஸ்டம் டிஸ்க் இல்லை.

இந்த வகுப்பில் முதல் நாள் முதல் பாடமே ஃப்ளாப்பிக்குப் பக்கத்தில் காந்தம் கூடாது என்பதுதான். நான் அதை மூன்று தடவை எழுதியிருக்கிறேன். அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. அழாமல் பாயைப் பிடித்துக்கொண்டேன்.

"காந்தம் பாய்! காந்தத்தக் கொண்டுபோய் ஃப்ளாப்பி மேல ஒட்டுவாகளா யாராச்சும்? அது எழுதுனத பூரா அழிச்சிரும்!"

"காந்தமா? பட்டன்தானம்மா அது" என்றார் பாய். பிறகு நின்றுவிட்டார். அவர் உதடு எதையோ கணக்குப் பார்த்தது. "இசக்கி, அப்போ அந்த அறுநூறும்?"

அறுநூறு உறையிலும் அதே பட்டன்தான்.

சார் மூன்றாவது ஃப்ளாப்பியை எழுதிக் கொடுத்தார், இந்தத் தடவை பிரசங்கம் இல்லாமல், நோட்டுப் புத்தகத்தைக்கூடத் திறக்காமல். அதைக் காகிதத்தில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். பாய் கேட்கவில்லை.

ஸ்டேஷன் பாலத்தின் மேல் வந்ததும் நின்றார். கீழே கல்யாண் லோக்கல் ஒன்று போயிற்று.

"அந்த ஆபீசர்கிட்டச் சொல்லணுமா இசக்கி? சாம்பிளப் பாத்து ஓக்கே பண்ணுனது அவருதான். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரருக்கே தெரியல. மால எறக்கிட்டு வந்துருவோம். பட்டனாலதான் போச்சுன்னு யாருக்கு எப்பத் தெரியப்போவுது?"

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம்தான் முதலில் வந்தது.

"அறுநூறு பேர்ல ஒருத்தனுக்காவது ஒரு வாரத்துல தெரியும் பாய். தெரிஞ்சதும் உறையத் திருப்பிப் பாப்பான். உள்ள யாரு பேரு இருக்கு? கொலாபாக்காரன் பேரா இருக்கு? ஒங்க பேருல்லா இருக்கு."

பாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தார். பத்தொன்பது வருஷம் காத்திருந்து வாங்கிய பெயர். பிறகு, "பட்டன எல்லாம் எடுத்துருவோம்" என்று படியிறங்க ஆரம்பித்தார், நான்தான் ஓடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

சபுரா லாத்தா முழுக் கதையையும் கேட்டுவிட்டு இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்தார். "இவரு கேக்காம வச்சாரு, நீ பாக்காம விட்ட. நல்லா இருக்கு ஒங்க ரெண்டு பேரு லட்சணம்!" என்றார். ஏசிக்கொண்டே ஒரு உறையை எடுத்து, பட்டனின் இரண்டு பாதியையும் கத்தி முனையால் நெம்பி எடுத்தார். மூடியில் ஒரு ஓட்டை, உடம்பில் ஒரு ஓட்டை. மூடி ஓட்டையில் ஒரு பித்தளை ரிவிட்டை அடித்தார். உடம்பு ஓட்டையை மறைத்து ஒரு விரல் அகலத் தோல் வாரைக் குறுக்கே வைத்துத் தைத்தார். மூடியை வாருக்குள் செருகினால் விழாமல் நின்றது. எல்லாமாகப் பத்து நிமிஷம்.

"பித்தளையில காந்தம் ஒட்டுமா புள்ள?"

"ஒட்டாது லாத்தா."

"அப்பச் சரி. பெஞ்சில சாஞ்சி உக்காராதீக, எல்லாரும் வாங்க!"

பெட்டிகளையெல்லாம் மறுபடி பிரித்தார்கள். நெம்பியெடுத்த பட்டன்களைப் பாய் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டே வந்தார். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கவே முடியாத கட்டியாக அது வளர்ந்தது. நான் மேலே அட்டை அடித்தேன், ஃப்ளாப்பியைக் காகிதத்தோடு மடியிலேயே வைத்துக்கொண்டு. புதன் மத்தியானம் ஆரம்பித்தது வியாழன் மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைசி உறையோடு முடிந்தது. காரிகர்களின் விரலெல்லாம் கொப்புளம்.

இரண்டு டாக்சியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மூன்றே முக்காலுக்கு நரிமன் பாயின்டில் இறங்கினோம். பன்னிரண்டாம் மாடி. ஆபீசர் பெயர் ஜி. நாயகம் என்று கதவில் போட்டிருந்தது. கோமதிநாயகம், நம் திருநெல்வேலிக்காரர்தான், ஆனால் ஆபீசில் தமிழ் பேசினால் கதவுப் பித்தளைப் பலகை பெயர்ந்து விழுந்துவிடும் என்று நினைப்பவர். ஒரு உறையை எடுத்து அங்குலக் கோலால் அளந்தார். திருப்பிப் பார்த்தார். மேஜைமேலிருந்த சாம்பிளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"பட்டன் கிதர் ஹை?" என்றார். "இனாயத்துல்லா, சாம்பிள் மே பட்டன் ஹை. இஸ் மே நஹி. ரிஜெக்ட்." சாம்பிளில் பட்டன் இருக்கிறதாம், இதில் இல்லையாம்.

பாய் பெட்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பாலத்தில் நின்று முடிவெடுத்த மனுஷன்தான், ஆனால் ஆபீசரின் மூஞ்சிக்கு நேராக நீங்கள் ஓக்கே பண்ணியது தப்பு என்று சொல்ல அவருக்கு வரவில்லை. தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். இரண்டு நாளாக எனக்குள் சேர்ந்து கிடந்த எரிச்சலுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"சார், அந்த சாம்பிள் உள்ள என்ன வச்சிருக்கீங்க?" என்று தமிழிலேயே கேட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மை ஃப்ளாப்பி. டெமோ ஃப்ளாப்பி. வொய்?"

"எப்பலேர்ந்து?"

"பத்து நாளா. நாளைக்கு டெல்லிலேர்ந்து டைரக்டர்ஸ் வராங்க, அவங்களுக்குக் காட்டணும். உனக்கு எதுக்கு அது?"

"ஒரு தடவ மிஷின்ல போட்டுப் பாருங்க சார்."

"வாட் நான்சென்ஸ்" என்றார். ஆனாலும் என் மூஞ்சியில் ஏதோ இருந்திருக்க வேண்டும். சாம்பிளைத் திறந்தார், டப் என்று பிரிந்தது. பின்னாலிருந்த மிஷினில் ஃப்ளாப்பியைச் செருகினார். அது கர் கர் என்று மூன்று தடவை இழுத்தது. திரையில் என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். இன்னொரு தடவை போட்டார். எடுத்து, ஊதி, மறுபடியும் போட்டார்.

"ஏ எழவே!" என்றார் ஜி. நாயகம். "என்னடே இது, போச்சா? எல்லாம் போச்சா?"

"அந்தப் பட்டன் காந்தம் சார்" என்றேன். "அறுநூறு பேருக்கு அதக் குடுத்தா என்ன ஆயிருக்கும்னு பாத்துக்கிடுங்க. எங்க பாய் ஒரு நாள் முழுக்க ஒக்காந்து பிடுங்கி எறிஞ்சிருக்காரு. வேண்டாம்னா சொல்லுங்க, கொண்டு போறோம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சாம்பிளை விரலால் தூரத் தள்ளினார். பிறகு பேனாவைத் திறந்து சலானில் கையெழுத்துப் போட்டார்.

"இது வெளிய தெரிய வேண்டாம்" என்றார், சுத்தமான திருநெல்வேலித் தமிழில். "பட்டன் வச்சத நான் பாத்தேன்னு யாருகிட்டயும் சொல்லிராதீய."

"நாங்க எதுக்கு சார் சொல்லுதோம்" என்றார் பாய். அப்போதுதான் அவருக்கு வாய் வந்தது. "அந்த சாம்பிள மட்டும் திருப்பிக் குடுத்துருங்க. அதுல என் பேரு இருக்கு."

லிஃப்டில் இறங்கினோம். கீழே நடைபாதைக்கு வந்ததும் பாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"காப்பி போடணும்னு சொல்லிக்கிட்டே இருந்தியே. போட்டுரு. ஒண்ணு ஒங்கிட்ட, ஒண்ணு எங்கிட்ட."

எனக்கு அழுகையாகவும் வந்தது, இத்தனை நாள் கழித்தா என்று எரிச்சலாகவும் வந்தது. "சரி பாய்" என்று மட்டும் சொன்னேன். பட்டறைக்குப் போனதும் முதல் வேலையாகக் காப்பி போட்டு, ஒன்றை அவர் கையில் கொடுத்து, ஒன்றை என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் பாய் சிரித்த முகத்தோடு ஏணியில் ஏறி வந்து தன்னுடைய சாவியைக் கொடுத்தார். வெறும் காகித உறைதான், தோல் கிடையாது. போட்டேன்.

சிஸ்டம் டிஸ்க் இல்லை.

நான் திரையைப் பார்த்தேன். பாயைப் பார்த்தேன். கத்தவில்லை.

"ராத்திரி எங்க வச்சீய பாய்?"

"பத்திரமாத்தான் வச்சேன். வீட்டுக்குக்கூடக் கொண்டு போவல. பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுல்லா போனேன்."

"பீரோவுக்குள்ள எங்க?"

"அந்தப் பட்டன்லாம் போட்டு வச்சோம்லா, மூடியில்லாத பிஸ்கட் டின்னு. அது மேல" என்று சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. கீழே சபுரா லாத்தா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் மாடிவரை கேட்டது.

சாப்பாட்டுப் பையைத் திறந்து, தயிர்சாத டப்பாவுக்குப் பக்கத்திலிருந்த என் ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டேன். ஏ எழுத்து வந்து நின்றது. பாய் ஏணியிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொறந்துட்டா?"

"தொறந்துட்டு பாய்."

"அப்ப ஒண்ணு செய்யி" என்றார். "எங்கிட்ட வேண்டாம். இனிமே எத்தன சாவி போட்டாலும் நீயே வச்சுக்க." சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்த இரும்புச் சாவிக்கொத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிப் போனார்.